சுங்கச்சாவடிக்கு முன்னால், இடதுபக்கம்

கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள் ஃபிலோமினா,
போகிற வண்டிக்கு எத்தனை அச்சு என்று.
ரெண்டு என்றால் தட், தட்.
மூன்று என்றால் தட், கொஞ்சம் காற்று, தட்தட்.
கிரானைட் ஏற்றிய நீள வண்டி வந்தால்
கூண்டுக்குள் நாற்காலிக்கு முதலில் தெரியும்,
காதுக்கு அப்புறம்தான்.
ஆறு வருஷம், மூன்றாம் தடம், இரவு ஷிஃப்ட்.
ட்ரம்ஸ் எங்கே படித்தாய் என்று கேட்பவர்களிடம்
எலத்தகிரி கோயில் பேண்டில் என்பாள்.
பாதி உண்மை.

மாங்கூழ் ஆலையின் பழைய ஷெட் எங்களுக்கு.
ஆவணியில் கடைசிப் பீப்பாய் ஏறிப்போனால்
அடுத்த சீசன் வரை கேட்பாரில்லை.
வாடகை: வாட்ச்மேன் முனிவெங்கடப்பாவுக்கு ஒரு கட்டு பீடி.
எத்தனை கழுவினாலும் தரையைவிட்டுப் போகாது
பெங்களூரா மாம்பழத்தின் புளித்த வாசம்.
வாயில் எச்சில் ஊறினால் எப்படிடா ட்ரம்பெட் ஊதுவது
என்று கபிரியேல் தரையைத் திட்டுவான்.

ட்ரம்ஸ்காரி நடத்துகிற குழுவில் ஒரு சங்கடம்,
தலைமை பின்னால் உட்கார்ந்திருக்கிறது.
உத்தரவெல்லாம் முதுகில் விழும்.
பாஸ் பிடிக்கிற எனக்கு இடது காதில்.

நேற்று கேட்க வந்தவர்கள் முப்பத்தியொரு பேர்,
நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
கவிழ்த்த கிரேட்டுகளில் உட்கார்ந்தார்கள்.
முதல் உருப்படி அவள் கட்டியது:
லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பாடுமே
அந்த மலிவு மெட்டு,
அதையே திருப்பிப் போட்டு, ப்ளூஸில் ஊறவைத்து,
ட்ரம்பெட்டும் இர்ஷாதின் சாக்ஸும் ஒரே மூச்சில்
சுவரில் வீசியெறிந்தன.
பாகலூரில் ரோஜாக்கட்டு கட்டுகிற நாகவேணி
பிளாஸ்டர் ஒட்டிய சுட்டுவிரலால்
கீபோர்டில் இடையிடையே முள் வைத்தாள்.

"குத்துப்பாட்டு போடுங்க" என்றது ஒரு குரல்,
ஒதுங்கிய நாலு பேரில் ஒன்று.
அவள் முறைக்கவில்லை.
எட்டு பாருக்குக் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டாள்,
ஷெட்டே தோளைக் குலுக்கியது.
ஒன்பதாவதில் கதவைச் சாத்தி
எங்களை மறுபடி சிம்பலின் மேல் ஓடவிட்டாள்.

இர்ஷாதின் இரண்டாம் சுற்றில் நான் தொலைந்தேன்.
பன்னிரண்டு பாருக்குள் தொலைவது
காவேரிப்பட்டணத்தில் தொலைவது மாதிரி.
சின்ன ஊர்தான்,
வெட்கத்தில் யாரிடமும் வழி கேட்க முடியாது.
இடது காதில் ஒரே ஒரு 'டிக்'.
இங்கே திரும்பு.
திரும்பினேன்.

பிறகு பேச்சுக்குப் பேச்சு.
நாலு பார் கபிரியேல், நாலு பார் அவள்,
நாலு பார் இர்ஷாத், நாலு அவள்,
சுருள் சுருளாய், ஒன்றைவிட ஒன்று கோபமாய்.
கடைசி நாலு அவளுக்கு.
குச்சிகளை உயர்த்தினாள்.
அடிக்கவில்லை.

ஒன்று: ஆஸ்பெஸ்டாஸில் சொட்டுகிற மிச்ச மழை.
இரண்டு: யாரோ இருமலை அடக்குகிறார்கள்,
நாகவேணி என்னைப் பார்க்கிறாள், நான் இர்ஷாதை.
மூன்று: ஓசூர் பக்கமிருந்து
எங்களுக்குக் கேட்காத ஒன்று
அவளுக்குக் கேட்டிருக்கிறது.
நான்கு: சாலையின் வேகத்தடை வரிகளில்
தட். தட்தட். தட்தட்தட்.

ஆறு அச்சு.

அடுத்த பாரின் தலையில் அவள் சிம்பலை உடைத்தாள்,
உடைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்,
நாங்கள் நால்வரும் அதன் மேல் விழுந்தோம்.
முனிவெங்கடப்பாவின் பீடி பாதியில் அணைந்திருந்தது.

எட்டரைக்கு சிம்பல்களைப் போர்வையில் சுற்றி
ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்,
ஒன்பதுக்கு ஷிஃப்ட்.

டபுள் பாஸை ஆம்னியில் படுக்கவைத்து
பத்து மணிக்கு மூன்றாம் தடத்தில் நான்.
ஃபாஸ்டேக்கில் காசில்லை.
சீருடையில் இருந்தாள், பெயர்ப்பட்டையோடு.
கெஞ்சலாகச் சிரித்துப் பார்த்தேன்.
"ரெண்டு மடங்கு கட்டணும், சார்."
எண்ணி வாங்கினாள்,
ரசீதைக் கிழித்து நீட்டினாள்,
பின்னால் ஹாரன்கள்.
தடுப்புக்கட்டை மட்டும்
ஒரு அரை அடி தாமதமாக எழுந்தது,
வேண்டுமென்றே.